கீழ் வரிசைப் படங்கள்

என்னிடம் வேலை பார்க்கும் பெண்ணைப் பற்றி நானே எழுதுவதா என்று என் மனைவி கேட்டாள். வேறு யார் எழுதுவார்கள்? அவளுக்குப் பொன்னாடை போர்த்த எவனும் வரப்போவதில்லை. அப்படியே வந்தாலும் அந்த விழாவுக்கு ஃப்ளெக்ஸ் என் கடையில்தான் அடிக்க வேண்டும், அதையும் அவளேதான் டிசைன் செய்ய வேண்டும்.

என் பெயர் சங்கரபாண்டியன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிறந்தநாள், காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே மெஷினில்தான் வரும். பாளையம்பட்டியில் இருந்து பந்தல்குடி வரைக்கும், அங்கிட்டுத் திருச்சுழி வரைக்கும், எவன் வீட்டில் என்ன நடக்கிறது என்பது ஊருக்குத் தெரிவதற்கு முந்தி எனக்குத் தெரிந்துவிடும். கேட்டதை அடித்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பேன். முன்கோபி என்று பெயர் எடுத்தவன்தான். ஆனால் என் கோபமெல்லாம் மெஷின் மேலும் கரண்ட் மேலும் வீட்டில் சாம்பார் மேலும்தான். இடுப்பில் எதையோ செருகிக்கொண்டு வருகிற பயல்களைக் கண்டால் வாலைச் சுருட்டிக்கொள்வேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

தங்கச்செல்வி ஐந்து வருடத்துக்கு முன்னால் வேலை கேட்டு வந்தாள். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊர். அப்பா வேலிக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். அதில் படிக்க வைத்து, இவள் டவுனில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். அப்போது வயது இருபதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். பேசினால் பக்கத்து ஸ்டூலில் இருப்பவனுக்கே கேட்காது. இந்தக் குரலை வைத்துக்கொண்டு இவள் எங்கே கஸ்டமரைச் சமாளிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். நான் ஒரு மடையன்.

எங்கள் பக்கத்து ஃப்ளெக்ஸில் மேலே பெரிய படம் ஒன்று இருக்கும். அது பிறந்தநாள்காரனோ மாப்பிள்ளையோ செத்துப்போனவரோ. கீழே ஒரு வரிசை உண்டு. 'இவண்' என்று போட்டு, பாஸ்போர்ட் அளவில் பத்துப் பதினைந்து பையன்கள் கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்த வரிசையில் இடம் கிடைப்பது இங்கே பையன்களுக்குப் பெரிய விஷயம். மீசை முளைக்கிற வயதில் எல்லோருக்கும் அந்த ஆசை வரும்.

வேலைக்கு வந்து இரண்டு வருடம் கழித்து ஒரு நாள், கீழ் வரிசையில் எந்தப் பையன் படம் வந்தாலும் முதலில் அவன் வீட்டில் கேட்கவேண்டும் என்றாள். அச்சுக்குப் போகும் முன்னால் புரூஃப் எடுத்து அம்மாவுக்கோ அக்காவுக்கோ போனில் அனுப்பி, 'உங்கள் வீட்டுப் பிள்ளை இந்தப் படத்தில், இந்த வரியோடு வருகிறான், சரியா?' என்று கேட்பாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது என்ன பெண் பார்க்கிற சம்பந்தமா, வீட்டைக் கேட்டுச் செய்வதற்கு? இருக்கிற கஸ்டமரையும் விரட்டப்போகிறாயா என்று கத்தினேன். கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. அப்படியென்றால் கீழ் வரிசையை மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். எனக்கு ஒரு படத்தை நேராக வெட்டத் தெரியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே அவளாகவே காரணத்தைச் சொன்னாள்.

அவளுக்கு ஓர் அண்ணன். சுந்தரபாண்டி. பத்தொன்பது வயதில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்தில் அடிதடிக்குப் பெயர் போன ஒருவனுக்குப் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கூட்டாளி ஒருவன் இவனைக் கேட்காமலே இவன் படத்தைக் கீழ் வரிசையில் மூன்றாவதாகப் போட்டுவிட்டான். இவனுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். அம்மாவும் சிரித்தாள். ஒரு மாதம் கழித்து அந்த அடிதடிக்காரனின் ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். ஃப்ளெக்ஸில் எங்கள் பக்கத்தில் நின்றாயே, இப்போதும் வந்து நில் என்றார்கள். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. போனான். திருச்சுழி ரோட்டில் ஓர் ஆளை வெட்டிக் கொன்றார்கள். இவன் வெட்டவில்லை, பிடித்துக்கொண்டிருந்தான். ஆயுள் தண்டனை. அன்றிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை மதுரை ஜெயிலுக்கு மனு போட்டு அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

"அந்தப் படத்தப் போடுறதுக்கு முந்தி எங்கம்மாகிட்ட யாராச்சும் ஒருத்தரு கேட்டிருந்தா போதும் அண்ணாச்சி" என்றாள்.

அவள் போன பிறகு, மனசு கேட்காமல் பழைய கம்ப்யூட்டரைப் போட்டுத் தேடினேன். அந்த வருடம், அந்த மாதம். இருந்தது. கீழ் வரிசையில் மூன்றாவது, வகிடு எடுத்து வாரிய தலை, தங்கச்செல்வியின் அதே மூக்கு. ஓரத்தில் என் கடைப் பெயரும் என் போன் நம்பரும். எத்தனையோ கடை இருக்க, அவள் என் கடைக்கு வந்து வேலை கேட்டது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு நாளும் அவள் அதை என்னிடம் சொல்லிக்காட்டியது இல்லை. நானும் கேட்டதில்லை. அன்றைக்கு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாளில் இருந்து வீட்டைக் கேட்காமல் என் கடையில் எந்தப் பையன் படமும் வராது என்று நானே போர்டு எழுதி மாட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் நான் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். பாதி அம்மாக்களுக்குத் தங்கள் பிள்ளை யாரோடு சுற்றுகிறான் என்பதே எங்கள் புரூஃபைப் பார்த்துத்தான் தெரிந்தது. பந்தல்குடி அம்மா ஒருத்தி கடைக்கே வந்து, ஐந்தடி பத்து அங்குல மகனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போட்டுக் கொடுக்கிற அக்கா என்று பையன்கள் இவளைக் கேலி செய்தார்கள். அடுத்த கடைக்கு ஓடினார்கள். இவள் அந்தக் கடைக்குப் போய், அங்கே டிசைன் போடும் செல்வலட்சுமியோடு ஒரு டீ குடித்தாள். ஒரு வாரத்தில் அந்தக் கடையிலும் அதே சட்டம் வந்துவிட்டது.

படத்தை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, பையனுக்குப் போக வேறு இடம் வேண்டும் என்று சொல்வாள். அதற்கும் ஓர் ஆளைப் பிடித்து வைத்திருந்தாள். பந்தல்குடி ரோட்டில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் தவசி அண்ணன். அவருக்குச் சொந்தமாக மூன்று லாரி ஓடுகிறது. ஊருக்குள் சூடு ஏறுகிற சமயத்தில் இவள் போன் போடுவாள், அவர் அந்தப் பையனை நாக்பூருக்கோ குஜராத்துக்கோ லோடு வண்டியில் ஏற்றிவிடுவார். பதினைந்து நாள் கழித்து வரும்போது சண்டையும் ஆறியிருக்கும், பையனும் கிளட்ச் பிடிக்கக் கற்றிருப்பான். இப்படிப் போய் லைசென்ஸ் எடுத்தவர்கள் ஒன்பது பேர். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நான் அவர்களுக்கு ஆயுத பூஜை ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் பங்குனிப் பொங்கலில், முளைப்பாரிக் கூட்டத்தில் இரண்டு பைக் உரசிக்கொண்டன. அந்தத் தெருப் பையனும் இந்தத் தெருப் பையனும் வாய்த்தகராறு. மூன்றாம் நாள் பாளையம்பட்டிப் பக்கம் சதீஸ்குமாரை வெட்டிப் போட்டுவிட்டார்கள். இருபத்து மூன்று வயது. வெட்டியவன் உள்ளே போய்விட்டான், கேஸ் நடக்கிறது. சதீஸ்குமாருக்கு அப்பா இல்லை. அம்மா பிச்சையம்மாள் தறிக் கொட்டகையில் நூல் தார் சுற்றுகிறார். மிச்சம் இருப்பது ஒரே தம்பி, விஜயபாண்டி, பத்தொன்பது வயது.

இந்தப் பங்குனியில், வருச நாள் வியாழக்கிழமை என்றால், திங்கட்கிழமை காலையில் விஜயபாண்டியும் ஐந்து கூட்டாளிகளும் கடைக்கு வந்தார்கள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. மேலே சதீஸ்குமார் படம், மாலை, குத்துவிளக்கு. கீழே ஆறு பேர் படம். நடுவில் போட வேண்டிய வரியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். 'அண்ணே, உன் துணைக்கு ஓர் ஆளை அனுப்பி வைக்கிறோம்.'

எங்கள் பக்கத்தில் முதல் வருசம் முடிவதற்குள் பழி வாங்கினால்தான் மரியாதை என்று பேசித் திரிகிற கூட்டம் ஒன்று உண்டு. ஆள் யார் என்பதும் ஊருக்கே தெரியும். வெட்டியவன் ஜெயிலில் இருக்கிறான், கைக்கு எட்டுவது அவன் தம்பி. பதினேழு வயது, பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளை, எதற்கும் போகாதவன்.

தங்கச்செல்வி அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். அளவு என்ன என்று மட்டும் கேட்டாள். ஆறு பேருடைய வீட்டு நம்பரையும் வாங்கிக்கொண்டாள். அவர்கள் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்கள். அம்மாவிடம் என்ன வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள், இனி யாராலும் எதுவும் ஆகப்போவதில்லை என்றான் விஜயபாண்டி.

அவர்கள் போனதும், மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம் என்றேன் நான். அப்படிச் சொன்னால் வேறு ஊரில் போய் அடிப்பார்கள், நமக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்றாள். அப்புறம் போனை எடுத்தாள். முதல் போன் அந்த பாலிடெக்னிக் பையனின் அம்மா முருகலட்சுமிக்கு. அவர் நம்பரும் இவளிடம் இருந்தது. காரணத்தைச் சொல்லி, மத்தியானப் பஸ்ஸிலேயே மகனைச் சிவகாசியில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்ப வைத்தாள். அடுத்து தவசி அண்ணனிடம் புதன்கிழமை வண்டியில் எத்தனை பேருக்கு இடம் இருக்கும் என்று கேட்டாள். போலீசுக்குச் சொல்லிவிடேன் தாயி என்றேன். அதற்கு அவள் சொன்னதை மறக்கமாட்டேன்.

"இப்பச் சொன்னா ஆறு பேரையும் உள்ள வைப்பாக. உள்ள போனா அங்க இருக்கிறவன் இவங்களச் சேத்துக்குவான், வெளிய வாரப்ப பெரிய ரவுடியாத்தான் வருவாங்க. நான் கண்ணால பாத்துட்டுத்தான இருக்கேன். புதன்கெழம சாயங்காலத்துக்குள்ள இவுக வீடுக அசையலேன்னா நானே ஸ்டேஷனுக்குப் போயிருவேன். அப்புறம் எம்மேல என்ன வந்தாலும் வரட்டும் அண்ணாச்சி."

மறுநாள் செவ்வாய்க்கிழமை அவளுக்கு அண்ணனைப் பார்க்கிற நாள். மதுரைக்குப் போகும்போது, தான் திரும்பி வரும் வரை புரூஃபை யாருக்கும் அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்த முறை போனில் அனுப்பப்போவதில்லையாம், ஆறு வீட்டுக்கும் நேரில் போய் உட்கார்ந்து பேசப்போகிறாளாம். ஆறு அம்மாக்களின் நம்பரையும் நோட்டில் எழுதி என் மேஜையில் வைத்திருந்தாள்.

பதினோரு மணிக்கு அந்தப் பயல்கள் போன் போட்டு விரட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு உதறல். அவள் மட்டும்தான் செய்வாளா, நானும் ஒரு கை பார்க்கிறேன் என்று போன வருட அஞ்சலி டிசைனைத் திறந்தேன். பெரிய படத்தை மாற்றி வேறு படம் கேட்டிருந்தார்கள். போனில் வந்த படங்களில், போன வருடப் படத்தில் இருந்த அதே கட்டம் போட்ட சட்டைக்காரனை எடுத்து மாலைக்குள் வைத்தேன், மற்றவர்களைக் கீழே அடுக்கினேன், தாளில் இருந்த வரியை நடுவில் அடித்தேன். கண்ணாடியைப் போடவில்லை. நோட்டில் இருந்த ஆறு அம்மாக்களுக்கும் அனுப்பிவிட்டு, நமக்கும் வேலை தெரியும் என்று டீ சொன்னேன்.

டீ வருவதற்கு முன்னால் போன் வந்தது. கூட்டாளிகளில் ஒருவனின் அம்மா. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு மாலை போட்டு வைத்திருக்கிறீர்களே, நீங்கள் விளங்குவீர்களா என்றார். கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்த்தேன். விஜயபாண்டி செத்த அண்ணனின் சட்டையைப் போட்டு, அண்ணன் மாதிரியே மீசையை முறுக்கிப் படம் எடுத்திருக்கிறான். அவன் முகத்தைச் சுற்றி ரோஜா மாலை. மேலே 'நினைவஞ்சலி'. இரண்டு பக்கமும் விளக்கு எரிகிறது. செத்துப்போன சதீஸ்குமார் கீழ் வரிசையில் கூலிங்கிளாஸோடு நிற்கிறான்.

இங்கே உயிரோடு இருப்பவர் படத்துக்குத் தவறிப்போய்ப் பொட்டு வைத்தாலே சண்டை வரும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனில் அதை அழித்துப் பார்த்தேன். எல்லோரும் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு மணிக்குத் தங்கச்செல்வி குனிந்து உள்ளே வந்தாள். உளறிக்கொட்டினேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படத்தை ஒரு முறை பார்த்தாள், தண்ணீர் குடித்தாள், ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டாள். அந்த நேரத்தில் பிச்சையம்மாள் வந்து நின்றார். கொட்டகையில் இருந்து அப்படியே வந்திருக்கிறார், தலையெல்லாம் பஞ்சு. போனை நீட்டி, இதை யார் அடித்தது என்று கேட்டார். ஆம்பிளை நான், மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்க கடையில நடந்த தப்புத்தான்க்கா. படம் மாறிப்போச்சு, எங்கள என்ன வேணாலும் சொல்லுங்க" என்றாள் தங்கச்செல்வி. "ஆனா நடுவுல இருக்கிற வரி மாறல. அது ஒங்க மகன் எழுதிக் குடுத்தது."

பிச்சையம்மாள் மாலையை மட்டும்தான் பார்த்திருந்தார். வரியைப் படிக்கவில்லை. தங்கச்செல்வி பக்கத்தில் போய் நின்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினாள். பிச்சையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஃபேனைக் கூட்டி வைத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு போனைத் தங்கச்செல்வியிடம் நீட்டி, "இத அடிச்சுக் குடு தாயி" என்றார்.

தங்கச்செல்விக்கே ஒரு கணம் புரியவில்லை. சரியான படத்தை வைத்து மாற்றி அடிக்கட்டுமா என்று கேட்டாள். மாற்றவேண்டாம், இப்படியே வேண்டும், பெரிதாக வேண்டும் என்றார். அம்மா, தப்பும்மா, பெத்த வாயால் கேட்காதீர்கள் என்று கும்பிட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தங்கச்செல்வி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். இரண்டு முறை கேட்டாள். பிறகு போய்க் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள்.

மெஷின் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடி, முதலில் நெற்றி வந்தது, பிறகு கண், மூக்கு, மீசை. ஆயிரக்கணக்கில் அஞ்சலி அடித்திருக்கிறேன். ஒரு படமும் என்னை ஒன்றும் செய்ததில்லை. அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்பட என்ன இருக்கிறது, அழுதேன்.

ஃப்ளெக்ஸைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். செய்தது நான், போகாமல் இருக்க முடியுமா? பாளையம்பட்டியில் அவர் வீட்டு வாசலில் மற்ற ஐந்து அம்மாக்களும் ஏற்கெனவே வந்து நின்றார்கள். படத்தைப் பார்த்த படபடப்பில் வந்தவர்கள். தங்கச்செல்வி அவர்களுக்கும் அந்த வரியைப் படித்துக் காட்டினாள். ஒருத்தி அப்போதே மகனுக்குப் போன் போட்டு வையத் தொடங்கினாள். பிச்சையம்மாள் உள்ளே போய் அந்த ஒற்றை அறையின் தரையில் ஃப்ளெக்ஸை விரித்தார். அறை முழுக்க அது ஒன்றுதான் கிடந்தது. சுவரோரமாக நாங்கள் உட்கார்ந்தோம்.

ஐந்து மணி வாக்கில் விஜயபாண்டி வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைக்கப்போனவன், தன் முகத்தைத் தானே மிதிக்கப்போகிறோம் என்று கண்டு அப்படியே நின்றான். அடுத்த நொடி என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். மாலை போட்டது நீயா என்று கேட்டான். என் உயிர் என்னிடம் இல்லை. தங்கச்செல்வி எழுந்து வந்து அவன் கைமேல் தன் கையை வைத்தாள். அவன் தோள் வரைக்கும்கூட அவள் வரமாட்டாள்.

"விடுறா அவுகள" என்றார் பிச்சையம்மாள், உட்கார்ந்த இடத்தில் இருந்தே. "அடிக்கச் சொன்னது நான். ஒங்கண்ணனுக்குத் துணைக்கு ஆள் அனுப்புறேன்னு எழுதியிருக்கல்ல? நீ ஒருத்தன அனுப்புனா, அவுக ஒன்ன அனுப்புவாக. அடுத்த பங்குனிக்கு இதத்தான் அடிக்கணும். அன்னைக்கு அடிச்சுக் கட்ட எனக்குத் தெம்பிருக்காது. அதான் இப்பவே அடிச்சிட்டேன். எந்த எடத்துல கட்டணும்னு நீயே சொல்லிட்டுப் போ."

அவன் பிடி தளர்ந்தது. ஆனால் முகம் இறங்கவில்லை. அண்ணனைக் கொன்றவர்கள் நிம்மதியாக இருக்கிறார்களே, நான் என்ன செய்யவேண்டும் என்று அடித்தொண்டையில் கேட்டான். எனக்குக்கூட அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

தங்கச்செல்விதான் பேசினாள். "நிம்மதியா இருக்காங்களான்னு எனக்குத் தெரியும் தம்பி. நானும் ஒரு கொன்னவன் வீட்டுப் பொண்ணுதான். இன்னைக்குக் காலைல எங்கண்ணனப் பாத்துட்டு வாரேன். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். செத்தவருக்கு ஒரு தம்பி இருந்தானே, அவனுக்கு இப்ப எத்தன வயசுன்னு கேட்டான். பதினெட்டு ஆயிருச்சுன்னு சொன்னேன். வெளிய வாரதுக்கே பயப்படுறான். எட்டு வருசமா அந்தப் பய வளருறத எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கான்."

அவன் கைமேல் இருந்த கையை எடுத்தாள். "நீ துணைக்கு அனுப்பப் பாக்குறியே, அந்தப் பையனுக்கும் கீழ ஒரு தம்பி இருக்கான். பன்னெண்டு வயசு."

கொன்றவன் வீட்டுப் பெண் என்று வாய்விட்டு, வெட்டுப்பட்டுச் செத்தவன் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு அவள் சொன்னாள். அந்த அறையில் எது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். அவள் குரல் வழக்கம்போல மெதுவாகத்தான் இருந்தது, எல்லோருக்கும் கேட்டது. ஐந்தடிகூட இல்லாத ஒரு பெண்ணுக்குள் இவ்வளவு எங்கே இருக்கிறது என்று நான் பிரமித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்தப் பிரமிப்பு போகவில்லை.

விஜயபாண்டி தரையில் கிடந்த தன் முகத்தைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அப்புறம் ஃப்ளெக்ஸை மிதிக்காமல் சுவரை ஒட்டியே நடந்து போய், பரண்மேல் கையை விட்டு ஒரு நீளமான பொட்டலத்தை இறக்கினான். கயிற்றை அவிழ்த்தான். மூன்று அரிவாள்கள். அவற்றைச் சுற்றியிருந்தது ஒரு பழைய ஃப்ளெக்ஸ். போன வருடம் நான் அடித்துக் கொடுத்த கண்ணீர் அஞ்சலி. சதீஸ்குமாரின் முகம் மடிப்பு மடிப்பாக விரிந்தது, ஓரத்தில் என் போன் நம்பர். நான் வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளே அவன் சொன்னது மட்டும் கேட்டது.

"அந்தப் படத்தச் சுருட்டும்மா. நான் இருக்கேன்ல."

அப்போதுதான் பிச்சையம்மாள் அழுத சத்தம் கேட்டது.

மூன்று அரிவாளையும் தவசி அண்ணன் தன் பட்டறையில் கேஸ் கட்டரால் துண்டு துண்டாக அறுத்துப் போட்டார். விஜயபாண்டி படத்தை நானே கொளுத்தினேன். புதன்கிழமை விடிந்ததும் விஜயபாண்டியும் இரண்டு பேரும் அவருடைய பஞ்சு லோடு வண்டியில் ஏறினார்கள். மற்ற மூன்று பேரை அவரவர் அம்மாக்கள் மாமன் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் தாங்களே கூட்டிக்கொண்டு போனார்கள். தங்கச்செல்வி ஸ்டேஷனுக்குப் போகவேண்டி வரவில்லை. இரண்டு தெருவுக்கும் சமாதானம் ஆகிவிட்டது என்றெல்லாம் நான் கதை விடமாட்டேன். இன்றைக்கும் பேச்சுவார்த்தை இல்லை, கேஸ் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் சிவகாசிக்குப் போன பையன் திரும்பி வந்து காலேஜுக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

வியாழக்கிழமை வருச நாளுக்கு நானும் தங்கச்செல்வியும் போயிருந்தோம். சதீஸ்குமார் படத்தை மட்டும் வைத்துச் சின்னதாக ஒரு ஃப்ளெக்ஸ். கீழே 'அம்மா, தம்பி' என்று இரண்டே சொல். மத்தியானம் படையல் போட்டுக் கும்பிட்டு முடித்தார்கள். பிச்சையம்மாள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் சோற்றைத் தொடவே இல்லை. பொம்பளைகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். வண்டி இந்நேரம் எங்கே போகிறதோ, மகன் பாதியில் இறங்கி வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கு ஒரே நினைப்பு.

அப்போது போன் அடித்தது. தங்கச்செல்வி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். லாரிச் சத்தம், ஹாரன், நடுவில் அவன் குரல். அண்ணனுக்கு இலை போட்டாச்சா என்று கேட்டான். போட்டாச்சு என்றாள் தங்கச்செல்வி. அம்மா சாப்பிட்டதா என்று கேட்டான். இவள் போனை அவர் பக்கம் நீட்டினாள்.

"ஹோட்டல்ல வண்டிய நிப்பாட்டியிருக்கோம்மா. நீ சாப்பிட்டேன்னு சொன்னாத்தான் நான் எலையில உக்காருவேன்" என்றான்.

பிச்சையம்மாள் சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, வாயில் சோற்றோடு போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"சாப்புடுறேன்யா" என்றார். "நீயும் உக்காரு."